பொது வீட்டில் ஒரு நாற்காலி

பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் மது விற்கும் ஓர் இடத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. டாஸ்மாக் 1983இல் தொடங்கப்பட்டது; 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. அந்தக் கடைகளின் கணக்கைக் குடித்தவர்களைவிடக் குடிக்காத பெண்களே நன்றாக அறிவார்கள். வீடு வந்து சேராத கூலி, கூலிக்குப் பதிலாக வந்து சேரும் அடி, இளம் வயதிலேயே தாலியறுத்த அக்காமார்கள் என்று அந்தக் கணக்கு நீளும். ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் 1990களின் தொடக்கத்தில் சாராயக் கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993இல் அங்கே சாராயம் தடை செய்யப்பட்டது. நியூசிலாந்துப் பெண்கள் 1893இல் வாக்குரிமை பெற்றபோது, அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய கேட் ஷெப்பர்ட் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்திலிருந்து வந்தவர். மதுவைச் சந்தேகத்தோடு பார்ப்பது பெண்ணியத்துக்குப் புதிதல்ல. அந்தச் சந்தேகத்தை நான் கைவிடவும் இல்லை.

ஆனால் அதை வைத்துக்கொண்டே கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. இங்கிலாந்தின் சிற்றூர்களில் பப் என்ற இடத்தைச் சுற்றி ஒருவகை வாழ்க்கை நடக்கிறது. நகரத்தை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் பலர், தங்களுக்குக் கிடைத்ததை இரண்டே சொற்களில் சொல்வார்கள்: எளிமை, உறவு. இந்த இரண்டும் உண்மையிலேயே நல்லவையா? நல்லவை என்றால், யாருடைய உழைப்பின் மேல் அவை நிற்கின்றன? பெண்கள் அவற்றை விரும்பலாமா?

வேலை நிமித்தமாக வட இங்கிலாந்தின் குன்றுப் பகுதியில் ஒரு சிற்றூரில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம், ஒரு மளிகைக்கடை, இரண்டு பப்புகள். நான் மது அருந்துவதில்லை. எலுமிச்சைச் சாறு கலந்த சோடாதான் வாங்குவேன். அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. முதல் சில வாரங்கள் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கும். பழுப்புத் தோல் கொண்ட பெண் ஒருத்தி தனியாக வந்து உட்காருவது அந்த ஊருக்குப் பழக்கமில்லை. குளிர்காலம் முடிவதற்குள் பேச்சு நிற்பது நின்றுபோயிற்று.

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். அதாவது பொது வீடு. மேசைக்கு வந்து யாரும் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். நாம்தான் எழுந்துபோய் பார் மேடையில் கேட்டு வாங்கவேண்டும். அங்கே வரிசை நிற்பதில்லை. ஆனால் யாருக்குப் பின் யார் என்பது நிற்கிற எல்லோருக்கும் தெரியும். முந்திக்கொண்டு கேட்பவரை யாரும் மதிப்பதில்லை. சேர்ந்து வந்தவர்களில் ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த முறை இன்னொருவர் வாங்குவார். இதற்கு ‘ரவுண்ட்’ என்று பெயர். ஒருவர் கோப்பைக்கு அவரே காசு கொடுத்துக்கொண்டால் கணக்கு அன்றோடு முடிந்துவிடும். ரவுண்டில் யாராவது யாருக்காவது எப்போதும் கடன்பட்டிருப்பார்கள். அதனாலேயே மறுபடி வருவார்கள். நம் ஊர் மொய் நோட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அங்கே எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநரும், பள்ளி ஆசிரியையும், ஆடு வளர்ப்பவரும், தச்சரும் ஒரே கணப்பின் முன்னால் உட்கார்ந்து மழையைப் பற்றியும் ஆட்டு விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்ற செய்திகள் அங்கேதான் கை மாறும். மறுநாள் காலையில் யாரோ ஏணியோடு போய் நிற்பார்கள். வாழ்வதற்குக் கொஞ்சம் பொருளும், பெயர் தெரிந்த சிலரும், மாலையில் போய் உட்கார ஓரிடமும் போதும் என்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் எழுதிய ‘தி கிரேட் குட் பிளேஸ்’ நூலில் இத்தகைய இடங்களுக்கு ‘மூன்றாம் இடம்’ என்று பெயர் வைத்தார். வீடு முதல் இடம், வேலைத்தலம் இரண்டாம் இடம். இரண்டிலும் நமக்குக் கடமை உண்டு. கடமை இல்லாமல் சும்மா இருக்கவும் பேசவும் ஆன இடம் மூன்றாவது. சமூகம் என்பது அங்கேதான் உருவாகிறது என்பது அவர் வாதம்.

இந்த எண்ணிக்கையை ஒரு பெண் எண்ணிப் பார்த்தால் என்ன ஆகும்? வீட்டை ஓய்வுக்கான இடமாக எண்ணுகிறவருக்குத்தான் வேலைத்தலம் இரண்டாவது இடம். பெண்ணுக்கு வீடும் வேலைத்தலம்தான். சம்பள வேலைக்கும் போகிறவள் என்றால் அவளுக்கு இரண்டு வேலைத்தலங்கள். முதல் இடமே இன்னும் கிடைக்காதவளிடம் மூன்றாம் இடத்தைப் பற்றிப் பேசுகிறோம். அவன் மூன்றாம் இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அவள் சோறு வடிக்கிறாள், பிள்ளையைத் தூங்கவைக்கிறாள், அவன் அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள்.

வரலாற்றில் இது எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. இங்கிலாந்தில் 1300 வாக்கில் ‘ஏல்’ என்ற பழைய பாணி மதுவைக் காய்ச்சி விற்றவர்களில் பெண்கள் ஏராளம். வீட்டுக்குக் காய்ச்சியதில் மிஞ்சியதை வாசலில் வைத்து விற்பார்கள். காய்ச்சும் பெண்ணுக்கு ‘புரூஸ்டர்’ என்று தனிச் சொல்லே இருந்தது. வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூலில், 1600க்குள் இந்தத் தொழில் எப்படி ஆண்களின் கைக்குப் போயிற்று என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். ‘ஹாப்ஸ்’ என்ற கொடியின் பூவைச் சேர்த்த பீர் வந்தது. அது பல நாள் கெடாது, தூரத்துக்கு அனுப்பலாம், பெரிய அளவில் காய்ச்சலாம். அதற்கு முதல் வேண்டும், கடன் வேண்டும், தொழிற்சங்கங்களில் இடம் வேண்டும். இவை எதுவும் பெண்களுக்கு எளிதில் கிடைப்பவை அல்ல. தொழில் லாபம் தரத் தொடங்கியதும் பெண்கள் அதிலிருந்து நழுவிப்போனார்கள். நெசவிலும் அச்சிலும் வேளாண்மையிலும் நாம் பார்த்த அதே கதைதான்.

பிறகு, தாங்கள் காய்ச்சிய இடத்தில் உட்காரும் உரிமையும் குறைந்தது. ‘மாஸ் அப்சர்வேஷன்’ என்ற ஆய்வுக் குழு 1930களின் இறுதியில் போல்டன் என்ற ஆலை நகரத்தின் பப்புகளுக்குள் உட்கார்ந்து பார்த்ததையெல்லாம் குறித்துவைத்தது. அந்தக் குறிப்புகள் 1943இல் ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ என்ற நூலாயின. ஒரே கட்டடத்துக்குள் அறைகள் பிரிந்து கிடந்ததை அதில் பார்க்கிறோம். சில அறைகள் ஆண்களுக்கு மட்டும். பெண்கள் வந்தால் நல்ல நாற்காலிகள் போட்ட வேறு அறையில்தான் உட்காரவேண்டும். அங்கே அதே பீருக்குச் சற்றுக் கூடுதல் விலை. பொது வீட்டுக்குள்ளும் ஓர் உள்வீடு இருந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பொது மதுக்கூடத்தில் பெண்களுக்கு மது கொடுப்பதைச் சட்டமே தடுத்தது. 1965 மார்ச் 31 அன்று மெர்ல் தார்ன்டன், ரோசாலி போக்னர் என்ற இரு பெண்கள் பிரிஸ்பேன் நகரின் ரெகாட்டா ஹோட்டல் மதுக்கூடத்தில், பார் மேடையின் கால்கம்பியோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார்கள். காவல்துறை வந்தது; அவர்கள் அசையவில்லை. ஒரு கோப்பை பீருக்காக இவ்வளவு கூத்தா என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அதே மெர்ல் தார்ன்டன், திருமணமானதும் பெண்கள் மத்திய அரசுப் பணியின் நிரந்தர இடத்தை விட்டு விலகவேண்டும் என்ற விதிக்கு எதிராகவும் போராடியவர். அந்த விதி 1966இல் நீக்கப்பட்டது. மதுக்கூடத்தையும் அலுவலகத்தையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். எங்கே வேலை காலியிருக்கிறது, யார் தேர்தலில் நிற்கப்போகிறார், எந்த நிலம் விலைக்கு வருகிறது என்ற பேச்செல்லாம் நடக்கும் இடத்துக்குள் ஒருத்தியை விடாவிட்டால், அவளை ஊரின் முடிவுகளிலிருந்தே விலக்கிவைத்ததாகும்.

இங்கிலாந்தில் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் 1975இல் வந்தது. அதற்குப் பிறகும் லண்டனில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் கூடும் எல் வினோ என்ற மதுக்கூடத்தில், ஆண்கள் பார் மேடையில் நின்று குடிக்கலாம், பெண்கள் பின்னறையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும் என்ற வழக்கம் இருந்தது. டெஸ் கில் என்ற வழக்கறிஞரும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குத் தொடுத்தார்கள். 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. உட்கார இடம் தருகிறோமே, இதில் என்ன குறை என்பதுதான் எதிர்வாதத்தின் சாரம். செய்திகள் பிறப்பது பார் மேடையில். பின்னறை நாற்காலி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கே செய்தி வந்து சேராது.

ஆக, நான் மூன்று ஆண்டுகள் தனியாகப் போய் சோடா குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அமைதி, இயற்கையாக விளைந்தது அல்ல. அது என் அம்மாவின் வயதொத்த பெண்கள் வழக்காடியும் சங்கிலி போட்டும் பெற்றுத் தந்தது. எளிமையாகத் தெரியும் எதற்குப் பின்னாலும் ஒரு சிக்கலான வரலாறு இருக்கும் என்பதற்கு இதுவே போதும்.

இங்கே நம் மொழி சொல்லும் ஒன்றையும் பார்க்கவேண்டும். பொது வாழ்க்கைக்கு வந்த ஆண் என்றால் தலைவர். ‘பொதுமகள்’ என்றால் யாரைக் குறிக்கும் என்று அகராதியைப் பார்த்தால் தெரியும். ‘பொது’ என்ற ஒரே சொல் ஆணோடு சேர்ந்தால் மதிப்பு, பெண்ணோடு சேர்ந்தால் இழிவு. நம் ஊர் டீக்கடை பெஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் மூன்றாம் இடம்தான். செய்தித்தாள் அங்கே பல கை மாறும், ஆட்சிகள் கவிழும், பெண் பார்க்கும் சேதி கூட அங்கே முடிவாகும். அந்த பெஞ்சில் அரை மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருக்கும் பெண்ணை எத்தனை ஊர்களில் பார்த்திருக்கிறோம்? ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற நூல் இதைத்தான் பேசுகிறது. பெண் வெளியே நிற்கவேண்டுமானால் கையில் ஒரு காரணம் வேண்டும்: பை, பிள்ளை, கைப்பேசி, பேருந்துக்குக் காத்திருப்பது. காரணமில்லாமல் நிற்கும் உரிமையை அவர்கள் கேட்டார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை.

டீக்கடையைச் சொல்லும்போது இரட்டைக் குவளையைச் சொல்லாமல் விடமுடியாது. ஊரே கூடும் இடம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்த ஊர் என்று திருப்பிக் கேட்கப் பழகியவர்கள் நாம். ஊர் என்ற சொல்லுக்குள்ளேயே சேரி வராது என்று வைத்திருந்த சமூகம் இது. ஒரு கூட்டம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாக அதன் வெளிச்சுவரும் இருக்கக்கூடும். ‘எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்’ என்பது சிற்றூர் வாழ்க்கையின் பெரிய ஆறுதல். பெண்ணுக்கு அதுவே காவல். அவள் எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு சிரித்தாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆங்கிலச் சிற்றூரில் எனக்கு இருந்த சுதந்திரத்தில் ஒரு பங்கு, நான் அந்த ஊர்ப் பெண் இல்லை என்பதால் கிடைத்தது. என் மாமியாரிடம் போய்ச் சொல்ல அங்கே ஆளில்லை. ஆகவே நான் அனுபவித்ததை வைத்து அந்த ஊர்ப் பெண்களின் வாழ்க்கைக்குத் தீர்ப்பெழுதமாட்டேன்.

அவர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். பப்பை நடத்தியவர் ஐம்பது வயது கடந்த ஒரு பெண். மாடியிலேயே குடியிருந்தார். காலையில் கழிப்பறை கழுவுவார், நிலவறைக்குப் போய்ப் பீப்பாய் மாற்றுவார், பீர் வரும் குழாய்களைச் சுத்தம் செய்வார், மதியச் சமையல், மாலையில் பார் மேடை. பதினொரு மணிக்கு மணியடித்து எல்லோரையும் அனுப்பிய பிறகு கணக்கு. எங்கள் எல்லோருடைய பெயரும், யாருக்கு என்ன வேண்டும் என்பதும், யாரிடம் இன்று எதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதும் அவருக்கு மனப்பாடம். நாங்கள் பெற்ற எளிமையை அவர் தினமும் பதினான்கு மணி நேரம் தயாரித்துக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து எங்களோடு உட்கார்ந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

தத்துவத்தில் இது பழைய சிக்கல். நல்வாழ்வுக்கு ஓய்வு வேண்டும் என்றார் அரிஸ்டாட்டில். நட்பையும் பொதுக் காரியத்தையும் அவர் அவ்வளவு உயர்வாக வைத்தார். ஆனால் அந்த ஓய்வு அடிமைகளின் உழைப்பாலும், வீட்டுக்குள் வைக்கப்பட்ட பெண்களின் உழைப்பாலும் வந்தது. அதை அவர் குறையாகக் கருதவில்லை. இதற்கு நாம் இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். அப்படிப் பெற்ற ஓய்வே வேண்டாம், அது கறைபட்டது என்று ஒதுங்குவது ஒன்று. பெண்களுக்கு இது பழகிய பதில். தியாகத்தை நமக்கு அறமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒதுங்கினால் ஓய்வு மறைந்துவிடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே இருக்கும். மற்றது, ஓய்வு நல்லதுதான், அதனால்தான் அதைச் சமமாகப் பங்கிடவேண்டும் என்று கேட்பது. நான் இரண்டாவதன் பக்கம்.

பங்கிடுவது கற்பனையும் அல்ல. இங்கிலாந்தில் பப்புகள் வரிசையாக மூடப்பட்டுவரும் காலம் இது. பல ஊர்களில் மக்களே பங்கு போட்டு பப்பை வாங்கி நடத்துகிறார்கள். கம்ப்ரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தில் ‘ஓல்ட் கிரவுன்’ பப்பை ஊரார் 2003இல் கூட்டுறவாக வாங்கினார்கள். 2011இல் வந்த உள்ளாட்சிச் சட்டம், பப், நூலகம் போன்றவற்றை ஊருக்குப் பயன்படும் சொத்து என்று பட்டியலிட வழி செய்தது. பட்டியலில் உள்ள சொத்தை உரிமையாளர் விற்க முன்வந்தால், வாங்க விரும்பும் ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். இப்படி ஊரார் கைக்கு வந்த சில பப்புகளில் தபால் சேவை நடக்கிறது, சிறு மளிகைக்கடை இருக்கிறது, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதிய உணவு கிடைக்கிறது. அந்த இடத்தில் ஊருக்குத் தேவைப்படுவது மது மட்டும் அல்ல என்பதை அந்த ஊர்களே இப்படிக் காட்டிவிட்டன. ஊருக்குத் தேவை, கணப்பும் விளக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஓர் ஆளும்தான். பங்குதாரர்கள் முறைபோட்டு வேலை பார்த்தால், மேடைக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரே ஆள் நிற்கவேண்டியதில்லை.

டாஸ்மாக் கடையையும் இதையும் ஒப்பிடவே முடியாது என்று நான் நினைப்பதும் இதனால்தான். ஒன்றில் மது மட்டும் இருக்கிறது, வீடு இல்லை. வாங்கு, குடி, போ. அதனால் நம் ஊருக்கு பப் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பப்பில் நல்லது எதுவோ அதற்கு மது தேவையில்லை. நூலகத்தின் முற்றத்திலோ, சுயஉதவிக் குழு கூடும் கட்டடத்தின் திண்ணையிலோ, ஏரிக்கரை ஆலமரத்தடியிலோ அது நடக்கலாம். ஆனால் அது தவணை வசூலிக்கும் கூட்டமாகவோ விழிப்புணர்வு முகாமாகவோ இருக்கக்கூடாது. பெண்களைக் கூட்டவேண்டுமென்றாலே ஏதாவது பயனுள்ள காரியத்துக்காகத்தான் கூட்டுகிறோம். பயனில்லாமல் கூடும் உரிமை நமக்கு இன்னும் வரவில்லை.

வர்ஜீனியா உல்ஃப் 1929இல் எழுதும் பெண்ணுக்குத் தனக்கென்று ஓர் அறையும் வருமானமும் வேண்டும் என்றார். அந்த அறைக்காக நாம் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறோம். அதோடு பொது அறையிலும் ஒரு நாற்காலி வேண்டும். தனியறை சிந்திக்க உதவும். சிந்தித்ததை இன்னொருத்தியிடம் சொல்லிப் பார்த்து, அவள் சிரித்து, மறுத்து, தன் கதையைச் சொல்லி, அப்படித்தான் ஒரு தனித் துயரம் பொதுப் பிரச்சினை ஆகிறது. பெண்ணியமே அப்படிக் கூடிப் பேசிய அறைகளில் பிறந்ததுதான்.

எளிய வாழ்க்கையைத் தேடிப் போகும் யாரையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்களிடம் மூன்று கேள்விகள் மட்டும் கேட்பேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் வீட்டில் அடுப்படியில் யார் நிற்கிறார்? உங்களுக்குப் பரிமாறுகிறவர் என்றைக்கு உங்களோடு உட்காருவார்? உங்கள் ஊரில் யார் அந்தக் கதவைத் திறக்கத் தயங்குகிறார்? இந்த மூன்றுக்கும் வெட்கப்படாமல் பதில் சொல்ல முடிந்த ஊரில், மாலை ஆறு மணிக்கு, கையில் பையோ பிள்ளையோ காரணமோ இல்லாமல் ஒரு பெண் வந்து உட்காரலாம். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.